கிழங்கு சீவிய கை மரத்துப்போனால் இழப்பீடு உண்டா?

கேள்வி: எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மேட்டுக்காடு. குச்சிக்கிழங்கு போட்டிருக்கிறோம். அந்த வருமானம் போதாமல் என் மனைவி பதினோரு வருடமாகப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைக்குக் கிழங்குத் தோல் சீவப் போகிறார். எடைக்குக் கூலி. வயது 40. ஒரு வருடமாக அவருடைய வலது கையில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போகின்றன. ராத்திரியில் எழுந்து கையை உதறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சொம்பைப் பிடித்தால் நழுவுகிறது. ஆலையில் கேட்டால், "வயசானா வர்றதுதான், அடிபட்டிருந்தா ஏதாவது பண்ணலாம்" என்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர், "வழுக்கி விழுந்ததாக எழுதிக் கொடுங்கள், பணம் வாங்கித் தருகிறேன், பாதி எனக்கு" என்கிறார். நாங்கள் என்ன செய்வது?
- ஆத்தூர் வட்டத்து வாசகர் ஒருவர்

பதில்: சேலம், நாமக்கல் பக்கம் இந்தக் கை பல வீடுகளில் இருக்கிறது. கிழங்கு சீவுகிறவர்கள், காலையும் மாலையும் மாடு கறக்கிறவர்கள், பூப் பறிக்கிறவர்கள், களை வெட்டுகிறவர்கள், தறியில் நிற்கிறவர்கள் எல்லாரும் ஒரே அசைவை ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை செய்கிறார்கள். மணிக்கட்டில் எலும்புக்கும் தசைநார்ப் பட்டைக்கும் இடையே ஒரு குறுகிய வழி உண்டு. விரல்களை மடக்கும் தசைநார்களும் ஒரு நரம்பும் அதன் வழியாகத்தான் செல்கின்றன. ஓயாத வேலையால் தசைநார்களின் உறை வீங்கினால் நரம்பு நசுங்கும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போவதும், இரவில் வலி கூடுவதும், பிடி தளர்வதும் இதன் அடையாளங்கள். மருத்துவர்கள் இதைக் 'கார்பல் டனல்' பாதிப்பு என்பார்கள். கடிதத்தில் உள்ள விவரங்கள் அதைப் போலவே இருக்கின்றன. ஆனால் கழுத்து எலும்புத் தேய்விலும் விரல் மரக்கும். ஆகவே பரிசோதித்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

சட்டம் தேதி கேட்கிறது

வேலையில் ஏற்படும் காயத்துக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்று முதலில் சொன்னது 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020 நடைமுறைக்கு வந்துவிட்டது. பெயர் மாறினாலும் இழப்பீட்டின் அடிப்படை மாறவில்லை. பணம் கிடைக்க இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி விபத்து. வேலையின்போது, வேலையின் காரணமாக, ஒரு குறிப்பிட்ட நாளில் நேர்ந்திருக்க வேண்டும். கத்தி நழுவி நரம்பு வெட்டுப்படுவது, ஈரத் தோலில் வழுக்கிக் கை ஊன்றி எலும்பு முறிவது, மூட்டை தூக்கும்போது தோள் தசை கிழிவது எல்லாம் இதில் சேரும்.

இரண்டாவது வழி தொழில்நோய். சட்டத்தின் பின்னிணைப்பில் ஒரு பட்டியல் இருக்கிறது. பருத்தித் தூசியால் வரும் நுரையீரல் நோய், கரும்புச் சக்கைத் தூசியால் வரும் நோய், ஆர்கனோ பாஸ்பரஸ் வகைப் பூச்சிக்கொல்லியின் நஞ்சு, இரைச்சலால் காது மந்தமாவது போன்றவை அதில் உள்ளன. பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிக்கூடங்களில் காது போனவர்களுக்கு இந்த வழி திறந்திருக்கிறது. ஆனால் மணிக்கட்டு நரம்பு அழுத்தமோ, முழங்கை, தோள் தசைநார்த் தேய்வோ அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாத நோய்க்கு இழப்பீடு வேண்டுமானால், அது ஒரு குறிப்பிட்ட விபத்துக் காயத்திலிருந்தே நேரடியாக வந்தது என்று காட்ட வேண்டும் என்கிறது சட்டம்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2010-ல் திருத்தி வெளியிட்ட தொழில்நோய்ப் பட்டியலில் தசை, எலும்பு நோய்களுக்குத் தனிப் பிரிவே உண்டு. கார்பல் டனல், கட்டைவிரல் அடித் தசைநார் வீக்கம், முழங்கைத் தசைநார் வலி, நெடுநேரம் மண்டியிடுவதால் வரும் முழங்கால் சவ்வுக் கிழிவு ஆகியவை அதில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளன. இந்தியப் பட்டியல் அங்கே இன்னும் போய்ச் சேரவில்லை. ஆக, "வயசானா வர்றதுதான்" என்று ஆலையில் சொன்னது சரியில்லை. "அடிபட்டிருந்தா" என்று சொன்னதில் மட்டும் சட்டத்தின் நிலை இருக்கிறது.

பொய்த் தேதி எழுதினால்

இந்த இடைவெளியில்தான் தரகர்கள் புகுகிறார்கள். விழாதவர் விழுந்ததாக எழுதிக் கொடுத்தால், முதலில் கேட்கப்படுவது மருத்துவமனைச் சீட்டு. 'ஒரு வருடமாக மரத்துப்போகிறது' என்று அதில் மருத்துவர் எழுதியிருந்தால் மனு அங்கேயே விழும். உடன் வேலை செய்கிறவர்களைச் சாட்சிக்கு அழைப்பார்கள். பொய் வெளிப்பட்டால் வழக்கோடு வேலையும் போகும். நாளை உண்மையாகவே அடிபட்டாலும் நம்ப ஆளிருக்காது. பாதிப் பங்கு கேட்பவருக்கு இதில் நட்டம் எதுவும் இல்லை.

அதற்காக, பழைய வலி இருந்தவருக்கு விபத்து இழப்பீடே கிடையாது என்றும் எண்ண வேண்டாம். தேய்ந்த தசைநார் ஒரு நாள் கூடையைத் தூக்கும்போது அறுந்தால், அது அந்த நாளின் விபத்து. உடல் ஏற்கெனவே பலவீனமாக இருந்தது என்பதாலேயே உரிமை போய்விடாது. நெடுந்தூரம் லாரி ஓட்டிவந்த ஓட்டுநர் ஒருவர் வழியில் உடல்நலம் குன்றி, வண்டியை ஓரம் கட்டிவிட்டு மாரடைப்பில் இறந்தார். அவருடைய குடும்பத்தின் வழக்கில், வேலையின் கடும் அழுத்தம் மரணத்துக்குக் காரணமாக இருந்ததால் அது வேலையால் நேர்ந்த விபத்தே என்று 2012 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. லாரித் தொழில் நிறைந்த நாமக்கல்லில் இந்தத் தீர்ப்பைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஆனால் அங்கும் ஒரு நாளும் ஒரு நிகழ்வும் இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்தக் கைக்கு எந்தக் கதவு?

ஆலை இ.எஸ்.ஐ. பதிவு பெற்றதா என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலைகளில், மாதச் சம்பளம் ரூ.21,000 வரை உள்ளவர்கள் இ.எஸ்.ஐ.யின் கீழ் வருவார்கள். எடைக்கூலியும் கூலிதான். மேஸ்திரி மூலம் வந்தவரும் ஆலைத் தொழிலாளியாகவே கணக்கில் வருவார். ஆண்டில் சில மாதம் மட்டும் ஓடும் சில வகை ஆலைகளுக்கு விலக்கு உண்டு என்பதால் நேரில் கேட்டுவிடுவது நல்லது.

இ.எஸ்.ஐ. இருந்தால், விபத்து என்று நிரூபிக்காமலேயே மருத்துவமும், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு நோய்க்கால உதவியும் கிடைக்கும். சராசரி நாள் கூலியில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை. அதற்கு முந்தைய ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். வேலைக் காயம் என்று ஏற்கப்பட்டால் இந்த உதவி 90 விழுக்காடு. பட்டியலில் மணிக்கட்டு இல்லாத நிலையில் கடிதத்தில் உள்ள பெண்மணிக்கு நடைமுறையில் உதவக்கூடியது இந்த நோய்க்கால உதவிதான்.

ஆலை தகுதிக்குள் வந்தும் பெயரைச் சேர்க்கவில்லை என்றால் தொழிலாளியின் உரிமை அழிந்துவிடாது. இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். வேலை செய்ததைக் காட்ட எடைச் சீட்டு, கூலி வங்கியில் ஏறிய பதிவு, உடன் வேலை செய்பவர்களின் பெயர்கள் தேவைப்படும். எடைச் சீட்டை அன்றன்றைக்கே கிழித்துப் போடும் பழக்கத்தை விட வேண்டும். பதினோரு வருட உழைப்புக்குச் சாட்சியாக வேறு காகிதம் பெரும்பாலும் இருப்பதில்லை.

இ.எஸ்.ஐ. இல்லாத இடமானால், அரசு மருத்துவமனைதான் வழி. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளில் நரம்பு வேகச் சோதனை செய்யச் சொல்லிக் கேட்கலாம். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைப் பயிற்சியும் வீட்டுக்கு வருகிறது. பாதிப்பு மிகுந்து மருத்துவக் குழு 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் ஊனம் என்று சான்று தந்தால், மாற்றுத்திறனாளிகளுக்கான உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம். அமைப்புசாரா தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு இல்லாதவர்கள் பதிந்துகொள்வதும் நல்லது.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியது

பெரும்பாலானோர் "கை வலிக்குதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஊசி போட்டுக்கொண்டு வருகிறார்கள். என்ன வேலை, ஒரு நாளில் எத்தனை மணி நேரம், எத்தனை ஆண்டு, எந்தக் கை, எப்போது தொடங்கியது, வேலைக்குப் போகாத நாளில் குறைகிறதா என்பதைச் சொல்லி, அதைச் சீட்டில் எழுதும்படி கேட்க வேண்டும். சர்க்கரை நோய், தைராய்டு குறைவு, கர்ப்பம் ஆகியவற்றாலும் இதே நரம்பு அழுத்தம் வரும். சர்க்கரை, தைராய்டு சோதனைகளை முன்பே செய்து முடிவை வைத்திருந்தால் நோயின் காரணம் தெளிவாகும், மருத்துவமும் சரியாக அமையும்.

ஆலைக்கும் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். 'இத்தனை ஆண்டாக இந்த வேலை செய்கிறேன், கையில் இந்தப் பாதிப்பு உள்ளது, மருத்துவர் இப்படிச் சொல்லியிருக்கிறார், வேறு வேலை தாருங்கள்' என்று நான்கு வரி போதும். நகலில் தேதியோடு கையெழுத்து வாங்க வேண்டும். தர மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதையும் ஒப்புகையையும் பத்திரப்படுத்தலாம். இது சண்டைக் கடிதம் அல்ல. கழுவும் தொட்டி, காயவைக்கும் களம் என்று வேலையை மாற்றித் தந்தாலே பலருக்குக் கை தேறிவிடும்.

உண்மையான விபத்து நேர்ந்தால்

அன்றைக்கே மேற்பார்வையாளரிடம் சொல்லி, மருத்துவமனைச் சீட்டில் 'வேலையின்போது' என்று பதிய வைக்க வேண்டும். முதலாளி தானாகத் தராவிட்டால் இழப்பீட்டு மனுவை 2 ஆண்டுகளுக்குள் தொழிலாளர் துறையில் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் அத்துறையின் இணை, துணை ஆணையர் நிலையில் உள்ள அதிகாரிகள் இவற்றை விசாரிக்கிறார்கள். விபத்து வேறு மாவட்டத்தில் நடந்திருந்தாலும் தொழிலாளி குடியிருக்கும் பகுதிக்குரிய அதிகாரியிடம் மனு கொடுக்கலாம்.

தற்காலிகமாக வேலை செய்ய முடியாமல் போனால், மாதக் கூலியில் 25 விழுக்காடு அரைமாதத்துக்கு ஒருமுறை தரப்படும். நிரந்தரக் குறைபாடானால் கணக்கு இப்படி இருக்கும்: மாதக் கூலி ரூ.10,000, வயது 40 என்று கொள்வோம். கூலியில் 60 விழுக்காடு ரூ.6,000. நாற்பது வயதுக்குச் சட்டம் தரும் பெருக்கெண் 184.17. இரண்டையும் பெருக்கினால் ரூ.11,05,020. சம்பாதிக்கும் திறன் 15 விழுக்காடு குறைந்தது என்று முடிவானால் அதில் 15 விழுக்காடு, அதாவது ரூ.1,65,753 கிடைக்கும். கூலி எவ்வளவு கூடுதலாக இருந்தாலும் கணக்குக்கு மாதம் ரூ.15,000 வரைதான் எடுத்துக்கொள்வார்கள்.

'சம்பாதிக்கும் திறன்' என்ற சொல் முக்கியமானது. 1968-ல் ஒடிசாவின் ஜெய்ப்பூரில் ஒரு திரையரங்கில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் கீழே விழுந்து இடக்கையை இழந்தார். ஒரு கைதானே போயிற்று, பகுதி இழப்பீடு போதும் என்றார் முதலாளி. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இது முழு இழப்பு என்பதை 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. விபத்து நடந்த நாளிலேயே இழப்பீடு கடனாகிவிடுகிறது என்றும் அதே தீர்ப்பில் சொன்னது. கை எத்தனை விழுக்காடு கெட்டது என்பதோடு, அந்தக் கையால் இனி எந்த வேலையைச் செய்ய முடியாது என்பதையும் மருத்துவரிடமும் விசாரணையிலும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

தரகரைத் தேட வேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். பெண்களுக்கும், பட்டியல் இன, பழங்குடி மக்களுக்கும், ஆலைத் தொழிலாளர்களுக்கும் வருமான வரம்பு கிடையாது. தொலைபேசி எண் 15100.

வாசகர்கள் அடுத்துக் கேட்பவை

சொந்தக் காட்டில் வேலை செய்து கை கெட்டால்?

சொந்த நிலத்தில் உழைப்பவருக்கு முதலாளி இல்லை, ஆகவே இழப்பீடு கேட்க ஆளும் இல்லை. சிறு, குறு விவசாயிகளுக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் 'முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம்' இருக்கிறது. 2025-26 வேளாண் நிதிநிலை அறிக்கையில், விபத்து மரணத்துக்கான உதவி ரூ.1 லட்சத்திலிருந்து ரூ.2 லட்சமாகவும், விபத்தில் உறுப்பை இழப்பதற்கான உதவி ரூ.20,000-லிருந்து ரூ.1 லட்சமாகவும் உயர்த்தி அறிவிக்கப்பட்டன. வங்கியில் ஆண்டுக்கு ரூ.20 பிடிக்கும் பிரதமரின் விபத்துக் காப்பீட்டில் முழு ஊனத்துக்கு ரூ.2 லட்சம் உண்டு. இவை இரண்டிலும் இந்த உதவிகள் விபத்துக்கு மட்டுமே. மெல்லத் தேயும் கைக்கு இங்கும் பணம் இல்லை. ஆகவே சொந்தக் காட்டுக்காரர் கையைக் காப்பாற்றிக்கொள்வதுதான் அவருக்கான இழப்பீடு.

என் காட்டுக்கு வந்த கூலியாளுக்கு அடிபட்டால் நான் தர வேண்டுமா?

தர வேண்டியிருக்கும். நிலத்தில் பயிர் செய்வது, மாடு வளர்ப்பது, மருந்து அடிப்பது, இயந்திர அறுவடை, கிணறு, போர்வெல் வேலை எல்லாமே சட்டத்தின் பட்டியலில் உள்ளன. ஒரு நாள் கூலிதானே என்று ஒதுக்கவும் முடியாது. தற்செயல் வேலையாள் என்ற விலக்கு 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டது. மரத்துக்கு இவ்வளவு என்று பேசித் தென்னை ஏறுபவர் தொழிலாளியா, ஒப்பந்தக்காரரா என்பது வாதத்துக்கு உரியது. அந்த வாதத்தை நம்பி ஒரு ஏக்கர்காரர் இருந்துவிட முடியாது. ஆள் வைத்து வேலை செய்பவர்கள் பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்களில் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு எடுத்துக்கொள்ளலாம்.

கை கெடாமல் பார்த்துக்கொள்ள

- மழுங்கிய கத்திதான் மணிக்கட்டுக்கு முதல் எதிரி. காலையும் மதியமும் தீட்டினால் அழுத்தம் குறையும்.
- மெல்லிய பிடியை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். பழைய சைக்கிள் டியூபையோ துணியையோ சுற்றிப் பிடியைத் தடிப்பாக்கலாம்.
- அரை மணிக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் கத்தியைக் கீழே வைத்து விரல்களை விரித்து மடக்க வேண்டும்.
- சீவுவது, அள்ளுவது, கழுவுவது என்று வேலையை மாற்றி மாற்றிச் செய்ய மேஸ்திரியிடம் கேட்கலாம்.
- மாடு கறக்கும்போது கட்டைவிரலை மடக்கிக் கறக்காமல் முழுக்கையால் கறந்தால் காம்புக்கும் நல்லது, கைக்கும் நல்லது.
- களைக்குக் குனிந்து வெட்டும் குட்டைக் கொத்துக்குப் பதில் நீளப் பிடிக் கொத்தோ சக்கரக் களைக்கருவியோ பயன்படுத்தலாம். மானிய விவரத்தை வேளாண் பொறியியல் துறையிலும் உழவன் செயலியிலும் பார்க்கலாம்.
- இரவில் மட்டும் மரத்துப்போகும் நிலையிலேயே மருத்துவரிடம் போனால், மணிக்கட்டுப் பட்டையும் ஓய்வும் போதுமானதாக இருக்கலாம். கட்டைவிரல் அடிச்சதை வற்றிய பிறகு போனால், அறுவை சிகிச்சை செய்தாலும் பழைய பலம் முழுதாகத் திரும்பாது.

பட்டியலை மாற்ற முடியும்

தொழில்நோய்ப் பட்டியல் கல்லில் வெட்டியது அல்ல. மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுத்து அரசிதழ் அறிவிப்பு மூலம் ஒரு தொழிலையும் அதற்குரிய நோயையும் பட்டியலில் சேர்க்க அரசுக்குச் சட்டமே அதிகாரம் தருகிறது. மாநில அரசுக்கும் அந்த அதிகாரம் உண்டு. ஒரு பெண் தனியாகக் கேட்டால் அது கைவலி. ஒரே வேலையில் உள்ள நாற்பது பேர், எத்தனை ஆண்டு வேலை, எந்த விரல் மரக்கிறது, எந்த மருத்துவமனையில் என்ன சோதனை முடிவு என்று வரிசையாக எழுதிக் கையெழுத்திட்டால் அது சான்று. அந்த மனுவைத் தொழிலாளர் துறைக்கு அனுப்பலாம். மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம். கிழங்கு போடுகிறவரும் சீவுகிறவரும் பெரும்பாலும் ஒரே வீட்டுக்காரர்கள்தான்.

கடிதம் எழுதிய வாசகர் இந்த வாரம் செய்ய வேண்டியவை மூன்று. மனைவியை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய் வேலை விவரத்தோடு சீட்டு வாங்குவது. ஆலைக்கு இ.எஸ்.ஐ. உண்டா என்று கேட்டு, வேலை மாற்றித் தரச் சொல்லிக் கடிதம் கொடுப்பது. பாதிப் பங்கு கேட்டவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுவது.